லினக்ஸிலிருந்து ஃபேக்ஸ்: புள்ளி பத்திரம்!

தண்டலத்துல படிச்சுட்டு ஒரகடம் பக்கம் இன்டர்ன்ஷிப் போறீங்களா? "இந்த டிராயிங்கை ஃபேக்ஸ் பண்ணு"ன்னா முழிக்காதீங்க. லினக்ஸ் கம்ப்யூட்டர், யூஎஸ்பி ஃபேக்ஸ் மோடம், லேண்ட்லைன் போதும்.

1. உபுண்டுவில் உங்க யூசரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, மறுபடி லாகின் பண்ணுங்க. இல்லைன்னா மோடத்தைத் தொட அனுமதி கிடைக்காது.
2. லிப்ரேஆபீஸில் ஃபைலை பிடிஎஃப் ஆக்குங்க.
3. 'ஈஃபேக்ஸ்-ஜிடிகே'யில் அதைத் தேர்ந்தெடுத்து, நம்பர் போட்டு அனுப்புங்க.

முக்கியமான விஷயம்: ஃபேக்ஸில் போவது ஃபைல் இல்லை, கறுப்பு வெள்ளைப் படம். 'ஸ்டாண்டர்ட்' முறையில் அங்குலத்துக்குச் சுமார் 98 வரிதான். 'ஃபைன்' முறையில் 196. சின்ன எழுத்தில் 0.5-இன் புள்ளி மறைந்தால் 05 ஆகிடும், பாகமே வீண். அதனால 'ஃபைன்' வைங்க, எழுத்தைப் பெரிசாக்குங்க. அனுப்பிய பிறகு போன் போட்டு, அளவுகளை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.