லோயி என்னும் பாட்டி

புதிய ஏற்பாடு முழுவதிலும் 'பாட்டி' என்ற சொல் ஒரேயொரு தடவைதான் வருகின்றது. சின்னப்பர் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகம், முதலாம் அதிகாரம், 5ஆம் வசனத்திலே அதைக் காணலாம். கிரேக்க மூலத்தில் அச்சொல் 'மம்மே'. நம் பிள்ளைகள் 'அம்மம்மா' என்று கூப்பிடுவது போலவே அது காதில் விழுகின்றது. சிறையிலிருக்கும் அப்போஸ்தலர் தம் அன்புச் சீடனின் விசுவாசத்தை எண்ணி மகிழ்கின்றார்; அது முதலில் பாட்டி லோயியிடத்தும், பின்பு தாய் யூனிக்கியிடத்தும் குடிகொண்டிருந்தது என்கின்றார். மூன்று தலைமுறையினரைக் குறிப்பிடும் இவ்வசனத்தில் மூவருக்கும் பாடம் உண்டு.

முதலாவது, பாட்டிக்கு. இக்குடும்பம் இன்றைய துருக்கி நாட்டைச் சேர்ந்த லீஸ்திரா என்னும் ஊரிலே வாழ்ந்தது. தாய் விசுவாசம் கொண்ட யூதப் பெண், தகப்பனோ கிரேக்கர் (அப். பணி 16:1). ஆகவே, பெற்றோர் இருவரும் சேர்ந்து செபிக்கும் வசதி அந்த வீட்டில் இருந்திருக்குமா என்பது ஐயமே. எனினும் திமொத்தேயு குழந்தைப் பருவம் முதலே மறைநூலை அறிந்திருந்தான் (2 திமொ. 3:15). அங்கே குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல், தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட பாலன் இயேசுவுக்கு லூக்கா வழங்கும் அதே சொல்லாகும். அவ்வளவு இளம் வயதில் பிள்ளை விளக்கங்களைக் கேட்டுப் படிப்பதில்லை. மடியிலிருந்து முகத்தைப் பார்த்துப் படிக்கின்றது. அதனாலேதான் சின்னப்பர் அவ்விசுவாசத்தை வேடமற்றது என்கின்றார். பாட்டி கோயிலில் ஒருவராகவும் அடுக்களையில் வேறொருவராகவும் இருந்தால், பேரன் அதை முதலில் கண்டுகொள்வான்.

இரண்டாவது, பெற்றோருக்கு. விசுவாசம் லோயியிடமிருந்து நேரே பேரனிடம் தாவவில்லை. நடுவில் யூனிக்கி நிற்கின்றாள். இன்று பல வீடுகளில் நடுக்கண்ணி கழன்று கிடக்கின்றது. "செபம் சொல்லிக்கொடுக்க அம்மம்மா இருக்கிறாதானே" என்று பெற்றோர் ஒதுங்கிக்கொள்கின்றனர். ஆச்சி செபமாலை சொல்ல, அப்பா தொலைபேசியும் கையுமாக இருந்தால் பிள்ளை என்ன விளங்கிக்கொள்ளும்? செபம் சிறுவருக்கும் கிழவருக்கும் உரியது, வளர்ந்ததும் விட்டுவிடலாம் என்றே விளங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, பிள்ளைக்கு. பாட்டியை நினைவூட்டிய கையோடு, அடுத்த வசனத்திலேயே, கடவுள் தந்த கொடையை மீண்டும் மூட்டி எரியவிடும்படி சின்னப்பர் பணிக்கின்றார். தணலைப் பாட்டி பொத்திக் காத்துத் தரலாம், ஊதவேண்டியவன் பேரனே.

இதை நம் முன்னோர் வாழ்ந்து காட்டியுள்ளனர். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது. கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1687இல் புனித யோசேவாஸ் அடிகளார் ஏழைப் பிச்சைக்காரர் கோலத்தில் வந்துசேர்ந்தார். கழுத்திலே செபமாலை அணிந்து நடந்தே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். இடையில் ஏறக்குறைய 30 ஆண்டுகள். 1658இல் பிறந்த குழந்தை அப்போது தானே தாயாகவோ தந்தையாகவோ ஆகியிருக்கும். நிலையாகத் தங்கிய குருவோ திறந்த கோயிலோ இல்லாத அக்காலத்தில், அந்தச் செபமாலையை அடையாளம் காண அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் வீட்டுப் பெரியவர்களன்றி வேறு யார்?

இன்று கோயில்கள் திறந்திருக்கின்றன. குடும்பங்களோ சிதறிக் கிடக்கின்றன. பேத்தி ரொறன்ரோவில், அம்மம்மா பாஷையூரில். ஆயினும் இங்கே மாலைச் செபவேளை, அங்கே காலை. சனி ஞாயிறுகளில் தொலைபேசி வழியாக ஒரு பத்துமணியையாவது சேர்ந்து சொல்ல முடியும். ஒரே கூரையின் கீழ் வாழ்வோர் பிள்ளையைத் தனிவகுப்பிலிருந்து சற்று முன்னதாகவே அழைத்து வந்து, தாத்தா பாட்டியுடன் முழுக் குடும்பமாக முழந்தாளிடலாமே.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் பாட்டன் பாட்டிமார்க்கும் முதியோர்க்குமென உலக நாளொன்றை ஏற்படுத்தினார். கன்னிமரியாளின் பெற்றோரான புனித சுவக்கின், அன்னம்மாள் திருநாளாகிய யூலை 26ஐ அண்மித்து, அம்மாதத்தின் நான்காம் ஞாயிறன்று அது வருகின்றது. அன்று அவர்களுக்குப் புதுச்சேலையும் வேட்டியும் கொடுப்பது நல்லதே. அதோடு, அவர்கள் தொடங்கும் செபத்துக்கு மறுமொழி சொல்லும் குரலாகப் பெற்றோரின் குரல் வீட்டில் கேட்கட்டும். பிள்ளை செவிசாய்த்துக்கொண்டிருக்கின்றது.