வீட்டுப் பந்தலுக்கு எந்த அவரை?

“கொடி தளதளவென்று படர்ந்திருக்கிறது, ஒரு பூவைக் காணோமே!” கோடையில் பல வீடுகளில் கேட்கும் குறை இது. எரு போதவில்லை என்பார் சிலர். கண்ணேறு என்பாரும் உண்டு. குற்றம் எருவிலும் இல்லை, கண்ணிலும் இல்லை; விதை ஊன்றிய மாதத்தில் இருக்கிறது.

நாட்டுப் பந்தல் அவரை ஒரு குறும்பகல் தாவரம். இரவு நீண்டால்தான் அது பூக்கும். புகையிலையையும் சோயாவையும் ஆராய்ந்து, அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு இருவரும் 1920இல் வெளியிட்ட ஒளிக்காலத்துவம் நம் தாவரவியல் பாடத்தில் வருவதுதான். பங்குனியில் ஊன்றினாலும் ஆடியில் ஊன்றினாலும் இக்கொடி பனிக்காலத்தை ஒட்டியே பூங்கொத்து விடும். பங்குனியில் ஊன்றியவர் கோடை முழுவதும் இலைக்குத் தண்ணீர் சுமக்கிறார். குடிநீருக்கே குடத்தோடு நிற்கும் தெருக்களில் இது சிறிய நட்டமன்று. என் தாயார் பள்ளி சென்றவரல்லர். ஆடிப்பட்டத்தை மட்டும் தவறவிடமாட்டார்.

கோடையிலும் காய் வேண்டுவோர்க்குக் குற்றவரை உண்டு. பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர்க்கா ஜெய், ஆர்க்கா விஜய் இரண்டும் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாதவை, பந்தலும் வேண்டாம். ஆனால் காய்ப்புக் காலம் குறைவு. சமையற்கட்டுத் தண்ணீர் ஓடும் மூலையும் நான்கு கழியும் உள்ள வீட்டுக்கு நான் பந்தல் அவரையையே சொல்வேன். மாதக்கணக்கில் கறிக்குக் காய் கிடைக்கும். அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் அடுத்த ஆண்டு விதைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அசுவினி அதிகம் பிடிக்காத கொடியில் இரண்டு கொத்துகளைப் பறிக்காமல் நெற்றாக விட்டு, உலர்த்திச் சாம்பல் கலந்து வைத்தால் போதும்.