கழற்றி வைத்த டிஸ்க்தான் காப்பாற்றும்

"எந்நேரமும் சொருகியே வைங்க தம்பி, மணிக்கு மணி அதுவா கொப்பி எடுத்துக்கும்." ஹார்ட் டிஸ்க் விற்ற பதுளைக் கடைக்காரர் சொன்னது இது. விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி அப்படியே வேலையும் செய்தது. ஏப்ரலில் ஒரு பின்னேரம் எல்லயில் இடி விழுந்தது. கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் சேர்ந்தே கருகின. கொண்டுபோய்க் காட்டினால், "கரண்ட் பிரச்சினைக்கு வாரன்டி இல்லை" என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கழற்றி வைக்கச் சொல்ல ஒரு வார்த்தை போதாதா?

போனது பாட்டும் படமும் என்றால் விட்டிருப்பேன். தோட்டத்துச் சனத்துக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவன் நான். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரஜாவுரிமை பெற்றவர்களின் கடதாசிகள், லயத்துத் தகரப் பெட்டியில் கிடந்த பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அதில்தான் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். ஒரு சான்றிதழில் அப்பா பெயர் இருக்கும் இடத்தில் மடிப்பு விழுந்து இற்றுக்கொண்டிருந்தது. நான் ஸ்கேன் எடுத்தபோது பெயர் முழுசாக இருந்தது. இப்போது அங்கே ஓட்டைதான் இருக்கிறது.

கொழும்பிலும் இதுதான் நடந்தது. 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் கிளவுடை ரான்சம்வேர் தாக்கியபோது, இணைப்பில் இருந்த பிரதியும் சேர்ந்து பூட்டுப்பட்டது. தனியாக எடுத்து வைத்த பிரதி இல்லை. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளவேயில்லை. சுமார் 5,000 முகவரிகள்.

இப்போது எனக்கு இரண்டு டிஸ்க். ஞாயிறு இரவு ஒன்றைச் சொருகுவேன், கொப்பி முடிந்ததும் கழற்றி அலுமாரியில் வைப்பேன். மற்றது பசறையில் அக்கா வீட்டில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மாற்றிக்கொள்வோம். உங்களுக்கும் வேறு மலையில் ஒரு சொந்தம் இருக்கும், அங்கே கொடுங்கள். 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, தப்பியவர்களின் பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. பக்கத்துக் காம்பராவில் கொடுத்து வைத்து என்ன பயன்?

தானாக நடக்கும் வேலையை கூகுள் டிரைவிடம் விட்டிருக்கிறேன். 15 ஜிபி இலவசம், ஸ்கேன்களுக்குத் தாராளம். ஆனால் வீட்டில் அழித்தால் அங்கும் அழியும். குப்பைக்கூடையில் 30 நாள்தான் இருக்கும். அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மாதம் ஒரு தடவை டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் போட்டு ஒரு ஃபைலையாவது திறந்து பாருங்கள்.

வானம் இருண்டால் பிளக்கோடு சேர்த்து ரவுட்டருக்கு வரும் டெலிபோன் வயரையும் கழற்றுங்கள். இடி அந்த வழியாலும் வரும்.