டேங்கரின் முதுகில் எழுதிய எண்

கேள்வி: அம்பை ரோட்டில் போகிற பெட்ரோல் டேங்கரில் '1203' என்றும் '3 ஒய் இ' என்றும் எழுதியிருக்கிறதே, அது என்ன கணக்கு? லாரி கவிழ்ந்தால் எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதை யார் வகுத்தார்கள்?
– வாசகர், பத்தமடை

பதில்: 1203 என்பது பெட்ரோலுக்கான ஐ.நா. எண். டீசலுக்கு 1202, சமையல் எரிவாயுவுக்கு 1075, குளோரினுக்கு 1017. ஆபத்தான சரக்குப் போக்குவரத்துக்கான ஐ.நா. நிபுணர் குழுவின் முதல் பரிந்துரைகள் 1956இல் வெளிவந்தன.

'3 ஒய் இ' லண்டன் தீயணைப்புப் படை 1970களில் உருவாக்கிய குறியீடு. எரிகிற லாரி முன்னால் நிற்பவருக்குப் புத்தகம் புரட்ட நேரம் ஏது? 3 என்றால் நுரை அடி. ஒய் என்றால் வெடிக்கலாம், ஓடவிடாமல் தேக்கு, சாக்கடைக்குள் கழுவித் தள்ளாதே. இ என்றால் ஆட்களை வெளியேற்றுவதை யோசி. நம் நாட்டில் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின்படி இவற்றை எழுதிய எச்சரிக்கைப் பலகை லாரியின் இரு பக்கத்திலும் பின்னாலும் இருந்தாக வேண்டும்.

தூரக் கணக்கின் பூர்வீகம் அவ்வளவு நல்லதல்ல. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியர் குளோரினைக் காற்றில் திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டன் போர்ட்டனில் ஆய்வுக்களம் அமைத்தது. நச்சுவாயு எந்தக் காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்பது அங்கே ஆராயப்பட்டது. அங்கு வேலை பார்த்த பாஸ்குவில், காற்றின் வேகம், பகல் வெயில், இரவு மேகம் மூன்றையும் வைத்து 1961இல் ஒரு கணிப்பு முறையை வெளியிட்டார். ஆளைக் கொல்லப் பிறந்த கணக்கு, பிறகு ஆளைக் காப்பாற்ற உதவியது.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் 1996 முதல் சேர்ந்து வெளியிடும் அவசரகாலக் கையேட்டில், நச்சுவாயு கசிந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டமும், காற்று போகும் பக்கம் ஒரு சதுரமும் இருக்கும். காற்று திசை மாறலாம் என்பதால்தான் சதுரத்துக்கு அத்தனை அகலம். இரவில் தூரம் கூடும். அடங்கிக் கிடக்கும் காற்றில் நஞ்சு எளிதில் கலைந்து போகாது. டேங்கரே தீயில் சிக்கினால் பெட்ரோலுக்கு நாலாபுறமும் 800 மீட்டர், சமையல் எரிவாயுவுக்கு 1600 மீட்டர். அதிகமாகத் தோன்றினால் கேரளத்தின் கண்ணூரை அடுத்த சாலா ஊரைக் கேளுங்கள்: 2012 ஆகஸ்டில் கவிழ்ந்த எரிவாயு டேங்கர் 20 பேரைக் கொண்டுபோனது. 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் ஒன்று கவிழ்ந்தபோது, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டது அதனால்தான்.

உங்கள் ஊருக்கு வட்டம் மட்டும் போதாது என்பேன். கன்னடியன் கால்வாய் பாயும் பூமி அது. தண்ணீரில் மிதக்கும் பெட்ரோல் வாய்க்காலில் இறங்கினால் 800 மீட்டர் என்று பார்த்து நிற்காது. அதன் ஆவியும் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தைத் தேடித்தான் போகும். எந்த மடையை அடைத்தால் எந்த வாய்க்கால் நிற்கும் என்று உங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சிக்குத் தெரியும். அவருடைய போன் நம்பர் தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.