எண்ணெய் இல்லாத டிரான்ஸ்பார்மர்

தெருமுனைக் கம்பத்தில் டிரான்ஸ்பார்மரைப் பார்த்திருப்பீர்கள். தமிழில் அதை மின்மாற்றி என்கிறோம். 11,000 வோல்ட் மின்சாரம் அதற்குள் போகிறது. அது அழுத்தத்தைக் குறைக்கிறது. நம் வீட்டுக்கு 230 வோல்ட் வருகிறது.

மின்மாற்றி வேலை செய்யும்போது சூடாகும். சூட்டைத் தணிக்கத் தெருவோர மின்மாற்றியில் எண்ணெய் இருக்கும். எண்ணெய் தீப்பிடிக்கக் கூடியது. ஆகவே குடியிருப்பு, வணிகக் கட்டடங்களுக்குள் எண்ணெய் இல்லாத உலர்வகை மின்மாற்றியைத்தான் வைக்க வேண்டும். இது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. பல மருத்துவமனைகளிலும் இதுவே இருக்கிறது. இதில் காற்றுதான் சூட்டைத் தணிக்கிறது.

எண்ணெய் இல்லை என்றால் ஆபத்து இல்லையா? ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் அக்காவும் வயர்மேனும் பேசுவதைக் கேளுங்கள்.

"தம்பி, இந்த அறையில் அட்டைப் பெட்டிகளைப் போட்டு வைக்கலாமா?"

"வேண்டாம் அக்கா. கீழ்ச் சன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வருகிறது. மேல் வழியாகச் சூடான காற்று போகிறது. வழியை அடைத்தால் மின்மாற்றி சூடாகிக் கெட்டுப்போகும். அட்டையும் தீப்பிடிக்கும்."

"கம்பிச் சுருள் மேல் கெட்டியாகப் பூசியிருக்கிறார்களே. தொட்டால் ஒன்றும் ஆகாதல்லவா?"

"அது பிசின் பூச்சு. அதைத் தொட்டாலும் உயிர் போகும். அதனால்தான் கம்பி வலை அடைப்பும் பூட்டும் போட்டிருக்கிறோம்."

"தூசி படிந்திருக்கிறதே! ஈரத் துணியால் துடைக்கட்டுமா?"

"கூடவே கூடாது. இரண்டு பக்க மின்சாரத்தையும் நிறுத்தி, எர்த் செய்த பிறகு நாங்களே சுத்தம் செய்வோம்."

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. உரிமம் பெற்றவர்களே பொருத்த வேண்டும்.
2. அறையில் மழைநீர் கசியக் கூடாது. மேலே தண்ணீர்க் குழாய் போகக் கூடாது.
3. உலோக உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும்.
4. சூடு மிஞ்சினால் மணி அடித்து, பிறகு மின்சாரத்தை நிறுத்தும் கருவி வேண்டும்.
5. அபாயப் பலகையை எல்லோருக்கும் தெரியும்படி மாட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் பல நாள் நின்றிருந்த மின்மாற்றியை உடனே ஓட்டக் கூடாது. சுருளில் ஈரம் ஏறியிருக்கும். உலர்த்தி, மெக்கர் கருவியால் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

வழக்கமான ரீங்காரம் மாறினாலோ, கருகும் வாடை வந்தாலோ உடனே மின் பணியாளரிடம் சொல்லுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றி 112 எண்ணை அழையுங்கள்.

ஒருவருக்கு ஷாக் அடித்து அங்கே விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். 11,000 வோல்ட்டுக்கு முன் உலர்ந்த கட்டையும் காப்பாற்றாது. முதலில் மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள். இல்லையென்றால் ஓர் உயிருக்குப் பதில் இரண்டு உயிர் போகும்.

பேசிப் பாருங்கள்:

1. உலர்வகை மின்மாற்றியின் சூட்டைத் தணிப்பது எது?
2. பிசின் பூச்சைத் தொடலாமா? ஏன்?
3. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் மின் அறை எங்கே இருக்கிறது? அதற்குள் என்னென்ன பொருள்கள் கிடக்கின்றன?