நியூட்ரானின் நிறையைத் தரும் பிளஸ் டூ கணக்கு

அணு அமைப்பைத் தாமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, படத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பதுதான். நடுவில் கரு, சுற்றிலும் வட்டங்கள், அவற்றின் மேல் புள்ளிகள் என்று வரைந்த படத்தை எத்தனை முறை பார்த்தாலும், அது அப்படித்தான் என்று யாருக்கு, எப்படித் தெரிந்தது என்பது விளங்காது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போன பிறகே எனக்கு இந்தப் பாடம் வசப்பட்டது.

எலக்ட்ரானை எடுத்துக்கொள்வோம். 1897இல் ஜே.ஜே. தாம்சன் கேத்தோடு கதிர்களை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்து, மின்சுமைக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை அளந்தார். குழாயில் எந்த வாயு இருந்தாலும், மின்வாய் எந்த உலோகமானாலும் அதே விகிதம்தான் வந்தது. எல்லா அணுக்களுக்கும் பொதுவான துகள் ஒன்று உண்டு என்பதற்கு அதுவே சான்று. இதைக் கவனித்தவருக்கு எலக்ட்ரான் மறக்காது.

தங்கத் தகட்டைக் கொண்டு ரதர்ஃபோர்டு அணுக்கருவைக் கண்டறிந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைப் படித்ததும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். தங்க அணுவின் ஆரத்தை அதன் கருவின் ஆரத்தால் வகுத்தால் ஏறத்தாழ 20,000 வரும். கருவை ஒரு மிளகாக நினைத்தால் அணுவின் அகலம் நூறு மீட்டர். பாடப்புத்தகப் படங்கள் எவையும் இந்த அளவுக்கு உண்மையாக இருக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது நியூட்ரான். மின்சுமை இல்லாத துகளை மின்புலம் வளைக்காது. பிறகு அதை எப்படி எடைபோடுவது? 1932இல் ஜேம்ஸ் சாட்விக், பெரிலியத்தின் மேல் ஆல்ஃபா துகள்களை மோதவிட்டார். அதிலிருந்து கிளம்பிய கதிர், பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களை வினாடிக்கு 3.3 கோடி மீட்டர் வேகத்தில் தள்ளியது. நைட்ரஜன் அணுக்கருக்களையோ 47 லட்சம் மீட்டர் வேகத்தில்தான் தள்ளியது. இந்த இரண்டு எண்கள் போதும். நேருக்கு நேர் மீட்சி மோதலில், அடிபட்டது பெறும் வேகம் இரு நிறைகளின் கூட்டுத்தொகைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். அணு நிறை அலகில் நைட்ரஜன் 14, புரோட்டான் 1, அடிக்கும் துகளின் நிறை M என்றால், (M + 14) / (M + 1) என்பது சுமார் 7. விடை ஏறத்தாழ 1.16. அதாவது, புரோட்டானை ஒட்டிய நிறை! பிளஸ் டூ மாணவருக்குத் தெரிந்த உந்த அழிவின்மையும் ஆற்றல் அழிவின்மையும் தவிர இதில் வேறொன்றும் இல்லை. இன்றைய துல்லியமான மதிப்பு 1.0087. வேகங்களை அளப்பதில் இருந்த பிழைதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதும் பாடத்தில் சேர்ந்ததுதான். இந்தக் கணக்கை விடையைப் பார்க்காமல் ஒருமுறையாவது தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் வலியுறுத்தல்.

அணு எண்ணுக்கும் இப்படியொரு நுழைவாயில் உண்டு. ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்தின் அணு நிறை 39.10. பிறகு ஏன் தனிம வரிசை அட்டவணையில் ஆர்கான் முன்னால் நிற்கிறது? 1913இல் மோஸ்லி எக்ஸ் கதிர் அதிர்வெண்களை அளந்து, வரிசையைத் தீர்மானிப்பது நிறையல்ல, கருவின் மின்சுமையே என்று காட்டினார். அட்டவணையில் இதுபோல முரண்படும் இடங்களைத் தேடிப் படியுங்கள். கோபால்ட்–நிக்கல் இன்னொரு ஜோடி.

குவார்க்குகளுக்கு அவசரப்பட வேண்டாம். புரோட்டானின் நிறை 938 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்; அதன் மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் பத்துகூட வராது. மீதியெல்லாம் உள்ளே அடைபட்ட ஆற்றல். இது பிடிபட, அதற்கு முன் எளிதான ஒன்றைச் செய்யுங்கள்: புரோட்டானின் நிறையையும் நியூட்ரானின் நிறையையும் கூட்டி, அதிலிருந்து அவை இரண்டும் சேர்ந்த டியூட்டிரானின் நிறையைக் கழியுங்கள். 2.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் குறையும். அது எங்கே போனது என்று உங்கள் சொற்களில் எழுத முடிந்ததும் குவார்க் அத்தியாயத்தைத் திறக்கலாம்.