மொடியூல் காணாமற்போதல்

செய்நிரல் எழுதப் பழகும் மாணவர்க்குப் பெரிதும் மனச்சோர்வு தருவது, தாம் எழுதியதிலுள்ள பிழையன்று. தாம் அழைத்த மொடியூலைக் காணவில்லை என்று கணினி கூறும் பிழையேயாம். பைதன் மொழியில் "மொடியூல் நொட் ஃபவுண்ட் எரர்" எனத் தோன்றும் இச்செய்தியைக் கண்டு, இக்கல்வி தமக்கு வாராதென எண்ணிக் கைவிட்ட மாணவரை யாம் கண்டிருக்கின்றோம். செய்தியின் பொருளை உணர்ந்தார்க்கு அவ்வச்சம் வேண்டியதில்லை.

மொடியூல் என்பது பிறர் பயன்கொள்ளுமாறு முன்னரே எழுதிவைத்த செய்நிரற் கோப்பாகும். "இம்போர்ட்" என்னுஞ் சொல்லால் அதனை அழைக்கின்றோம். அழைத்தவுடன் பைதன் கணினி முழுவதையும் தேடுவதில்லை, "சிஸ்.பாத்" என்னும் பட்டியலிற் கண்ட இடங்களையே வரிசையாகத் தேடும். முதற்கண் நம் செய்நிரல் உள்ள கோப்புறை. பின்னர் மொழியோடு வந்த நூலகம். அதன்பின் நாம் நிறுவியவை இருக்கும் "சைட் பக்கேஜஸ்" கோப்புறை. ஆகவே "காணவில்லை" என்பதற்கு, "யான் தேடிய இடங்களில் இல்லை" என்பதே பொருள்.

ஒரு கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைதன்கள் இருத்தல் கூடும். 2012 இல் வெளிவந்த பைதன் 3.3 முதல், ஒவ்வொரு வேலைக்குந் தனிச்சூழல் அமைக்கும் "வீஎன்வி" என்னும் வசதியும் மொழியோடு வருகின்றது. விசுவல் ஸ்டூடியோ கோட் போன்ற மென்பொருள் ஒரு பைதனைத் தெரிந்துகொண்டிருக்க, நாம் வேறொன்றில் மொடியூலை நிறுவிவிடுகின்றோம். நம் வீட்டில் வைத்த பொருளை அயல்வீட்டில் தேடுவது போன்றது இது. பன்முறை நிறுவினும் பயன் விளையாது.

எனவே, நிறுவுமுன் வினவுக. "இம்போர்ட் சிஸ்" என்று ஒரு வரியும், "பிரின்ட்(சிஸ்.எக்ஸிகியூட்டபிள்)" என்று அடுத்த வரியும் எழுதி இயக்கின், இயங்கும் பைதன் எவ்விடத்ததென்பது திரையில் தோன்றும். அது நாம் கருதியதன்றாயின், கொன்ட்ரோல், ஷிப்ட், பீ என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தி, "பைதன்: செலெக்ட் இன்டர்பிரெட்டர்" என்பதைத் தெரிந்து, உரியதை அமைத்தல் வேண்டும். நிறுவும்போது "பிப் இன்ஸ்டால்" என்று மட்டும் எழுதாது, "பைதன் -எம் பிப் இன்ஸ்டால்" என்றெழுதுவது நன்று. முற்கூறிய பைதனிலேயே மொடியூல் சேர்தற்கு இஃது ஏதுவாகும்.

இன்னும் இரண்டு காரணங்களுள. ஒன்று பெயர் வேறுபாடு: "பில்லோ" என நிறுவியதைப் "பில்" என்றும், "ஓப்பின்சீவி-பைதன்" என நிறுவியதைச் "சீவி2" என்றும் அழைத்தல் வேண்டும். மற்றையது நாமே இட்ட பெயர்: நம் கோப்புக்கு "ஈமெயில்.பை" எனப் பெயரிடின், நம் கோப்புறையே முதலில் தேடப்படுதலின், மொழியோடு வந்த "ஈமெயில்" மறைந்துவிடும், அதன் உட்பகுதிகளை அழைக்கும்போது இதே பிழை தோன்றும். கோப்பின் பெயரை மாற்றுதலே பரிகாரம்.

மாணவர்காள்! பிழைச்செய்தி நும் அறிவின்மேற் சுமத்திய குற்றமன்று. அதன் இறுதி வரியை எழுத்தெண்ணிப் படியுங்கள். எது காணவில்லையென அதுவே கூறும். யார் தேடினார், எங்கே தேடினார் என வினவுங்கள். அவ்வினாக்களைக் கேட்கப் பழகியவர்க்குக் காணாமற்போன மொடியூல் கைப்படுவதோடு, தம்மாலும் இயலும் என்னும் துணிவுங் கைகூடும்.